குளிர் தொடங்கிய பிறகும் ஹம்மிங்பறவை ஃபீடரை வெளியே வைத்திருக்கலாமா?

நியூ ஜெர்சியில் வசிக்கும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: "கோடை முழுவதும் வீட்டின் பின்புறத்தில் சர்க்கரைநீர் நிரப்பிய ஃபீடரைத் தொங்கவிட்டிருந்தேன். செப்டம்பர் முடியப்போகிறது; ஒன்றிரண்டு ஹம்மிங்பறவைகள் இன்னும் வந்துபோகின்றன. ஃபீடரை உடனே எடுக்காவிட்டால் அவை தெற்கே போகாமல் இங்கேயே தங்கிப் பனியில் இறந்துவிடும் என்கிறார்கள். எடுத்துவிடட்டுமா?"

எடுக்க வேண்டாம் என்பதே என் பதில். ஃபீடர் எந்தப் பறவையின் வலசையையும் தடுத்து நிறுத்துவதில்லை; ஆனால் தாமதமாகக் கிளம்பும் பறவைக்கு அது பெரிய துணையாக இருக்கிறது. நீங்கள் கேள்விப்பட்ட எச்சரிக்கை நல்லெண்ணத்தில் சொல்லப்படுவதுதான். அதை நம்பி ஒவ்வோர் ஆண்டும் ஏராளமான ஃபீடர்கள் மிகவும் தேவைப்படும் வாரங்களில் இறக்கப்பட்டுவிடுகின்றன என்பதால், காரணங்களைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

வட அமெரிக்காவின் கிழக்குப் பாதியில் கூடுகட்டிக் குஞ்சு பொரிக்கும் ஹம்மிங்பறவை ஒரே இனம்தான். ரூபி-த்ரோட்டட் என்று அழைக்கப்படும் அதன் ஆணுக்குத் தொண்டை மாணிக்கச் சிவப்பாக மின்னும். பெண்ணும் இளம்பறவையும் முதுகில் பச்சையாகவும் வயிற்றில் மங்கிய வெள்ளையாகவும் இருக்கும். எடை ஏறத்தாழ 3 கிராம். தமிழ்நாட்டுத் தோட்டங்களில் நாம் பார்த்துப் பழகிய தேன்சிட்டு இதற்கு உறவே இல்லாத வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தது. இவ்வளவு நெடிய பயணமும் அதற்கு இல்லை. ரூபி-த்ரோட்டட் குளிர்காலத்தைக் கழிப்பது தெற்கு மெக்சிகோவிலும் அதற்குத் தெற்கே பனாமா வரையுள்ள மத்திய அமெரிக்க நாடுகளிலும்.

அது எப்போது கிளம்ப வேண்டும் என்பதை முதன்மையாகத் தீர்மானிப்பது பகற்பொழுதின் நீளம். ஜூன் மாத இறுதிக்குப் பிறகு பகல் குறையக் குறைய உடலில் ஹார்மோன் மாற்றங்கள் நடக்கின்றன. பறவை வழக்கத்தைவிடப் பலமடங்கு ஆவலோடு உண்ணத் தொடங்குகிறது. உண்டதைக் கொழுப்பாகச் சேர்க்கிறது. பிறகு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாமல் தவிக்கிறது. வலசை போகும் பறவைகளைக் கூண்டில் வைத்து வேண்டிய மட்டும் உணவு கொடுத்தாலும், பயணக் காலம் வந்ததும் அவை இரவெல்லாம் அமைதியிழந்து இறக்கை அடித்துக்கொண்டிருக்கும் என்பதைப் பறவையியலாளர்கள் நெடுங்காலமாகவே கவனித்து வந்திருக்கிறார்கள். வயிறு நிறைந்திருப்பது அந்தத் தவிப்பை அடக்குவதில்லை.

இதைவிட எளிய சான்று உங்கள் தோட்டத்திலேயே இருக்கிறது. முதிர்ந்த ஆண்பறவைகள் முதலில் கிளம்பிவிடுகின்றன. ஜூலை இறுதியிலிருந்தே அவை குறையத் தொடங்கும், செப்டம்பர் தொடக்கத்தில் சிவப்புத் தொண்டையைக் காண்பதே அரிதாகிவிடும். ஆகஸ்டில் பூக்களுக்குப் பஞ்சமில்லை, பூச்சிகளுக்குப் பஞ்சமில்லை, தெருவெங்கும் ஃபீடர்கள் நிறைந்திருக்கின்றன. உணவு கிடைப்பதால் பறவை தங்கிவிடும் என்பது உண்மையானால், ஆண்டிலேயே உணவு மிகுந்திருக்கும் அந்த நாட்களில் அவை ஏன் புறப்பட வேண்டும்? ஆண்களை அடுத்துப் பெண்களும், கடைசியாக அந்த ஆண்டு பிறந்த இளம்பறவைகளும் போகின்றன. செப்டம்பர் இறுதியில் நீங்கள் பார்ப்பவை பெரும்பாலும் இந்த இளம்பறவைகளே. அவற்றுக்கு வழிகாட்டத் தாய் உடன் வருவதில்லை; வாழ்நாளில் ஒருமுறையும் போயிராத பாதையில் அவை தன்னந்தனியாகவே போகின்றன.

அந்தப் பயணத்துக்கு வேண்டிய எரிபொருளைப் பற்றி நினைத்துப் பார்த்தால் ஃபீடரின் மதிப்பு புரியும். மெக்சிகோ வளைகுடாவை நேராகக் கடப்பதென்றால் நடுவில் இறங்க இடமின்றி ஏறத்தாழ 800 கிலோமீட்டர் பறக்க வேண்டும். அதற்கு 18 மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். எல்லாப் பறவைகளும் இந்த வழியில் போவதில்லை. இலையுதிர் காலத்தில் பெருந்தொகையானவை டெக்சஸ் கரையோரமாகச் சுற்றிக்கொண்டு போகின்றன. எந்த வழியானாலும் கிளம்புவதற்கு முன் கொழுப்பு சேர்ந்தாக வேண்டும். ஒரு கிராம் சர்க்கரை தருவதைப்போல் இரண்டு மடங்குக்கும் அதிகமான ஆற்றலை ஒரு கிராம் கொழுப்பு தருகிறது என்பதால், குடித்த சர்க்கரைநீரையெல்லாம் உடல் கொழுப்பாக மாற்றி அடுக்குகிறது. 3 கிராம் பறவை 6 கிராமை நெருங்கிவிடுகிறது. அடையாளம் காண்பதற்காகப் பறவைகளின் காலில் எண் பொறித்த வளையமிடும் உரிமம் பெற்றவர்கள் இதைக் கண்ணெதிரே காட்டுவார்கள்: கையில் பிடித்த பறவையின் கழுத்தடியில் ஒரு சிறு குழாயால் மெல்ல ஊதி இறகுகளை விலக்கினால், காகிதத்தைவிட மெல்லிய தோலுக்குக் கீழே மஞ்சள் நிறத்தில் கொழுப்பு திரண்டிருப்பது தெரியும். அது சேராத பறவை கிளம்பாது. சேர்ந்துவிட்ட பறவையை எந்த ஃபீடராலும் பிடித்து வைக்க முடியாது.

நேர்மையாகச் சொல்ல வேண்டிய மறுபக்கமும் ஒன்று உண்டு. மேற்குக் கரையில் வாழும் அன்னாஸ் ஹம்மிங்பறவை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியாவிலும் தெற்குக் கலிஃபோர்னியாவிலும் மட்டுமே இனப்பெருக்கம் செய்துவந்தது. இன்று அது சியாட்டில், வான்கூவர் வரை பரவி, அங்கே பனிக்காலத்தையும் கழிக்கிறது. தோட்டங்களில் நட்ட வெளிநாட்டுப் பூச்செடிகளும் ஃபீடர்களும் இந்தப் பரவலுக்குத் துணைபுரிந்தன என்று கருதுவதற்கு வலுவான ஆதாரம் இருக்கிறது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் பறவையியல் கூடம் பொதுமக்களைக் கொண்டு திரட்டும் ஃபீடர்வாட்ச் பதிவுகளை வைத்து 2017-இல் வெளியான ஆய்வு ஒன்று இதைக் காட்டியது. ஆகவே ஃபீடர்களால் எந்த விளைவும் இல்லை என்று நான் வாதிடவில்லை. பல தலைமுறைகளின் போக்கில் ஓர் இனம் வாழும் எல்லை விரிவது ஒன்று. கிளம்பத் தயாரான ஒரு தனிப்பறவை சர்க்கரைநீருக்கு ஆசைப்பட்டுப் பயணத்தைக் கைவிடுவது முற்றிலும் வேறு. முதலாவது நடந்திருக்கிறது. இரண்டாவதற்குச் சான்று இல்லை.

இனி, அக்டோபரிலும் அதற்குப் பிறகும் வருபவை யார் என்று பார்ப்போம். தாமதமாக முட்டையிட்ட கூட்டிலிருந்து வெளிவந்த இளம்பறவை இருக்கலாம். நோயாலோ காயத்தாலோ எடை சேராமல் பின்தங்கிய பறவை இருக்கலாம். செப்டம்பர், அக்டோபர் மாதங்கள் அட்லாண்டிக் புயல்களின் காலம் என்பதால் காற்றில் அலைக்கழிந்து இளைத்துப்போன பறவையும் இருக்கலாம். இதே சமயத்தில்தான் முதல் உறைபனி விழுந்து பூக்கள் ஒரே இரவில் கருகுகின்றன, சிறு பூச்சிகள் மறைகின்றன. மற்ற மாதங்களில் ஃபீடர் என்பது அவற்றுக்குப் பல உணவிடங்களில் ஒன்று மட்டுமே. உறைபனிக்குப் பிந்தைய சில நாட்களில் அந்த வட்டாரத்தில் இருப்பதே உங்கள் ஃபீடர் ஒன்றுதான் என்ற நிலை உண்மையிலேயே வரலாம்.

அக்டோபர் நடுவைத் தாண்டியும் ஒரு பறவை வந்தால் அதை உன்னிப்பாகப் பாருங்கள், ஏனென்றால் அது ரூபி-த்ரோட்டட்டாகவே இல்லாமல் போகலாம். ரூஃபஸ் ஹம்மிங்பறவை ஓரிகனிலிருந்து தெற்கு அலாஸ்கா வரை கூடுகட்டும் மேற்குப் பகுதி இனம். அதில் பெரும்பாலானவை மெக்சிகோவுக்குப் போனாலும், ஒரு பகுதி தென்கிழக்காக வந்து லூசியானா, அலபாமா, ஃப்ளோரிடா போன்ற வளைகுடாக் கரை மாநிலங்களில் குளிர்காலத்தைக் கழிக்கிறது. நவம்பர் மாதத்தில் நியூ ஜெர்சியின் கேப் மே வட்டாரத்திலும் கிழக்கின் மற்ற மாநிலங்களிலும் அவ்வப்போது தென்படுகிறது. முன்பெல்லாம் இவற்றை வழிதவறிச் சாகப்போகும் பறவைகள் என்றே எண்ணினார்கள். வளையமிடும் பணி அந்த எண்ணத்தை மாற்றிவிட்டது. 2010 ஜனவரியில் ஃப்ளோரிடாவின் டல்லஹாசியில் வளையமிடப்பட்ட ரூஃபஸ் ஒன்று, அதே ஆண்டு ஜூன் மாதம் அலாஸ்காவின் செனீகா பே என்ற இடத்தில் மீண்டும் பிடிபட்டது. இரண்டுக்கும் இடையே நேர்க்கோட்டில் 5,600 கிலோமீட்டருக்கு மேல். தென்கிழக்கில் ஒரு குளிர்காலத்தில் வளையமிட்ட பறவை மறு ஆண்டும் அதே வீட்டுத் தோட்டத்துக்குத் திரும்பி வந்ததாகப் பதிவுகள் பல இருக்கின்றன. வழிதவறிய பறவை இப்படித் திரும்பி வராது. அலாஸ்காவின் குளிரில் குஞ்சு வளர்க்கும் இனம் அது. உணவு இருந்தால் நியூ ஜெர்சியின் நவம்பர் குளிரைத் தாங்கிக்கொண்டு தெற்கே நகர்ந்துவிடும். ரூஃபஸின் எண்ணிக்கை பல ஆண்டுகளாகக் குறைந்துகொண்டே வருவதால், அதில் ஒன்றுக்குச் சில வாரங்கள் உணவளிப்பதை நான் சிறிய காரியமாக நினைக்கவில்லை.

ஃபீடரை வைத்திருப்பது என்று முடிவு செய்தால் அதை ஒழுங்காக வைத்திருக்க வேண்டும். கரைசலில் மாற்றம் எதுவும் தேவையில்லை: ஒரு பங்கு வெள்ளைச் சர்க்கரைக்கு நான்கு பங்கு தண்ணீர், அளவுக் கோப்பையால் அளந்தது. இது பூந்தேனின் சராசரி இனிப்புக்கு நெருக்கமானது. கடும்குளிர் நாட்களில் மூன்று பங்கு தண்ணீர் வரை குறைக்கலாம். அதற்கு மேல் கெட்டியாக்க வேண்டாம். நம் வீடுகளில் வெள்ளைச் சர்க்கரை உடலுக்குக் கெடுதல், வெல்லமோ நாட்டுச்சர்க்கரையோ கருப்பட்டியோ நல்லது என்ற எண்ணம் ஆழமாக இருக்கிறது. அந்த எண்ணத்தைத் தயவுசெய்து ஃபீடருக்குக் கொண்டுவராதீர்கள். அவற்றில் நமக்கு நன்மை செய்யும் இரும்புச்சத்து, பூந்தேன் குடித்து வாழும் பறவைக்கு உடலில் தேங்கித் தீங்காக முடியும். தேனும் கூடாது, நீர் கலந்த தேனில் பூஞ்சையும் நுரைப்பும் வேகமாக வளரும். சிவப்புச் சாயம் எந்தப் பயனும் தராது, ஃபீடரின் சிவப்புப் பாகங்களே பறவையை ஈர்க்கப் போதுமானவை.

வெயில் காலத்தில் கரைசலை இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருந்தது; குளிர்ந்த பிறகு வாரம் ஒருமுறை போதும். வரும் பறவை ஒன்றோ இரண்டோ என்பதால் ஃபீடரை நிரப்பி வைக்காமல் கால்பங்கு ஊற்றினால் வீணாகாது. கரைசல் கலங்கியிருந்தாலோ துளைகளின் ஓரத்தில் கருப்புப் புள்ளிகள் தென்பட்டாலோ நாள் கணக்குப் பார்க்காமல் அன்றே கொட்டிவிட்டு, வெந்நீரிலும் நீர்த்த வினிகரிலும் சிறு தூரிகையால் தேய்த்து, நன்றாக அலசுங்கள். இந்தப் பராமரிப்புக்கு நேரம் இல்லையென்றால் ஃபீடரை எடுத்துவிடுவதே மேல். அழுக்கு ஃபீடர் பறவைக்கு நோயைத் தரும். ஃபீடர் இல்லாத தோட்டம் அதற்கு எந்தக் கெடுதலும் செய்யாது.

வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே போகும் இரவுகளில் கவனம் இன்னும் கூட வேண்டும். இந்த அளவில் கலந்த சர்க்கரை, தண்ணீரின் உறைநிலையை ஒரு டிகிரி செல்சியஸ் அளவே தாழ்த்துகிறது. ஆகவே இரவு முழுவதும் வெளியே தொங்கும் ஃபீடர் விடியும்போது பனிக்கட்டியாகியிருக்கும். பறவைக்கு உணவு மிக அவசரமாகத் தேவைப்படுவதோ விடியற்காலையின் முதல் வெளிச்சத்தில்தான். எளிய வழி, இருட்டியதும் ஃபீடரை வீட்டுக்குள் எடுத்துவைத்து, விடிவதற்கு முன்பே மீண்டும் மாட்டுவது. பகலிலும் உறையும் அளவுக்குக் குளிர் இருந்தால் இரண்டு ஃபீடர்களை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றித் தொங்கவிடலாம், அல்லது பழைய வகை இழைபல்பு ஒன்றை ஃபீடருக்கு அருகே பாதுகாப்பாகப் பொருத்தலாம். எல்ஈடி பல்பு இதற்கு உதவாது, அதில் போதிய சூடு வராது. சியாட்டில், வான்கூவர் பக்கம் அன்னாஸ் ஹம்மிங்பறவைகளுக்காக இதைக் குளிர்காலம் முழுவதும் செய்பவர்கள் ஏராளம். அங்கே சூடாக்கும் வசதி கொண்ட ஃபீடர்களே கடைகளில் கிடைக்கின்றன. காற்று நேராக அடிக்காத தாழ்வாரத்தின் ஓரமாகத் தொங்கவிடுவதும் நல்லது. உறையாமல் இருப்பதற்காகக் கரைசலில் வேறெந்தப் பொருளையும் கலக்கக் கூடாது.

குளிர்ந்த காலையில் பறவை நடந்துகொள்ளும் விதம் பலரைப் பதறவைக்கிறது. இரவில் ஆற்றலை மிச்சப்படுத்த ஹம்மிங்பறவைகள் டார்ப்பர் என்னும் மந்தநிலைக்குப் போகக்கூடியவை: ஏறத்தாழ 40 டிகிரியாக இருக்கும் உடல்வெப்பம் வெகுவாகத் தாழ்ந்துவிடும், பறக்கும்போது நிமிடத்துக்கு 1,000-ஐத் தாண்டும் இதயத்துடிப்பு 50 அளவுக்கு இறங்கிவிடும். அந்த நிலையில் உள்ள பறவை இறகுகளைப் பந்துபோல உப்பவைத்து, அலகை மேல்நோக்கி நீட்டி, தொட்டால்கூட அசையாமல் உட்கார்ந்திருக்கும். சில சமயம் கிளையிலிருந்தோ ஃபீடரின் விளிம்பிலிருந்தோ தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருக்கும். இறந்துவிட்டது என்று முடிவுகட்டி அதைப் பறித்தெடுக்காதீர்கள். மீண்டு எழ அதற்கு 20 நிமிடமோ அதற்கு மேலோ ஆகலாம். முதலில் உடல் நடுங்கும், பிறகு கண் திறக்கும், பிறகு நேராக ஃபீடருக்கு வந்து நுனி பிளந்த நாக்கை நொடிக்குப் பத்துக்கும் மேற்பட்ட முறை உள்ளே விட்டு எடுக்கும்.

அதைப் பிடித்து வீட்டுக்குள் கொண்டுவந்து காப்பாற்றலாமா என்று கேட்பவர்களும் உண்டு. கூடாது. 1918-ஆம் ஆண்டின் வலசைப் பறவைகள் ஒப்பந்தச் சட்டத்தின்படி, உரிமம் இல்லாமல் இவற்றைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், சர்க்கரைநீர் மட்டும் கொடுத்து அடைத்து வைத்த பறவை புரதம் இல்லாமல் சில நாட்களில் நலிந்துவிடும். வெளியே இருக்கும் பறவை குளிர்காலத்திலும் சிறு பூச்சிகளையும் சிலந்திகளையும் தேடிப் பிடித்துவிடுகிறது. பறக்க முடியாமல் தரையில் கிடக்கும் பறவையைக் கண்டால் உரிமம் பெற்ற வனவிலங்கு மறுவாழ்வு மையத்தைத் தொடர்புகொள்ளுங்கள்.

செப்டம்பர் மாதத்துக்கே உரிய தொல்லை குளவிகள். அவற்றின் கூட்டம் அப்போது உச்சத்தில் இருக்கும். பூக்கள் குறைந்துவிட்டதால் இனிப்பைத் தேடி ஃபீடரை மொய்க்கும். துளைகளுக்கு வெகு கீழே கரைசல் நிற்கும் தட்டு வடிவ ஃபீடருக்கு மாறினால், பறவையின் நாக்குக்கு எட்டுவது குளவிக்கு எட்டாது. துளைகளைச் சுற்றி எண்ணெய் தடவும் வழக்கத்தைக் கைவிடுங்கள், அது பறவையின் இறகில் ஒட்டிக்கொள்ளும். நீங்கள் மாநிலத்தின் வடமேற்குப் பகுதியில் இருந்தால் கரடியையும் நினைவில் வையுங்கள். பனிக்கால உறக்கத்துக்கு முன் அதுவும் ஓயாமல் உணவு தேடும், ஆகவே குளிர் தொடங்காவிட்டாலும் இரவில் ஃபீடரை உள்ளே எடுத்துவிட வேண்டும்.

அப்படியானால் எப்போதுதான் எடுப்பது? கடைசிப் பறவையைப் பார்த்த நாளிலிருந்து இரண்டு வாரம் காத்திருந்து எடுக்கலாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் குறைந்தபட்ச அளவு. நியூ ஜெர்சியில் ரூபி-த்ரோட்டட் பறவைகள் அக்டோபர் தொடக்கத்திலேயே பெரும்பாலும் போய்விடுவதால், இந்தக் கணக்குப்படி அக்டோபர் இறுதியில் ஃபீடர் கீழே வந்துவிடும். என் பரிந்துரை இன்னும் சற்று நீண்டது: பராமரிக்க முடிந்தால் நவம்பர் இறுதியில் வரும் நன்றி தெரிவித்தல் நாள் வரை ஒரே ஒரு ஃபீடரை மட்டும் வைத்திருங்கள். மேற்கிலிருந்து வரும் பறவைகள் தென்படும் காலத்தை அது உள்ளடக்கிவிடும். அதற்குள் எதுவும் வராவிட்டால் கழுவிக் காயவைத்து, ஏப்ரல் நடுவில் மீண்டும் மாட்டலாம்.

ஒரு பறவை வந்துகொண்டே இருக்கிறது, டிசம்பரும் பிறந்துவிட்டது என்றால், அது போகும்வரை நிறுத்தாதீர்கள். ஊருக்குப் போக வேண்டியிருந்தால், ஃபீடரைப் பார்த்துக்கொள்ள அக்கம்பக்கத்தில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். கடுங்குளிரின் நடுவில் அந்த உணவை வெறுமனே நிறுத்துவது மட்டும் வேண்டாம்.

அத்தகைய பறவை வந்தால், வால் விரிந்திருக்கும் நொடியில் ஒரு படமாவது எடுக்க முயலுங்கள். விலாப்பக்கம் செம்பழுப்பாகவும் வாலிறகுகளின் அடிப்பகுதி துருநிறமாகவும் இருந்தால் அது ரூஃபஸாகவோ அதன் நெருங்கிய உறவான ஆலன்ஸாகவோ இருக்க வாய்ப்பு அதிகம். பெண்ணையும் இளம்பறவையையும் பொறுத்தவரை இந்த இரண்டையும் வாலிறகுகளின் அகலத்தையும் வடிவத்தையும் கையில் வைத்துப் பார்த்துத்தான் உறுதியாகப் பிரிக்க முடியும். படத்தை, பறவைகளைக் கண்ட பதிவுகளைத் திரட்டும் ஈபேர்ட் இணையதளத்தில் நாளும் இடமும் குறிப்பிட்டுப் பதியுங்கள். உங்கள் மாநிலத்தின் பறவை ஆர்வலர் அமைப்பு வழியாக ஹம்மிங்பறவை வளையமிடும் உரிமம் பெற்றவர் ஒருவருக்கும் சொல்லுங்கள். நீங்கள் சம்மதித்தால் அவர் வீட்டுக்கே வந்து, பறவையைச் சில நிமிடங்கள் பிடித்து அளந்து, எண் பொறித்த நுண்ணிய அலுமினிய வளையத்தைக் காலில் இட்டு, அதே இடத்தில் விட்டுவிடுவார்.